கேள்வியில் பிறக்கும் பொய்

பொழிச்சலூரில் வாடகைக்கு வீடு தேடி வருபவரிடம் கேட்கப்படும் கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. எந்த ஊர், எங்கே வேலை, சம்பளம் எவ்வளவு என்று தொடங்கி, "ஃபேமிலியா, பேச்சிலரா?" என்பதில் அது வந்து நிற்கும். விமான நிலையத்தை ஒட்டிய ஊராதலால், சில வேளைகளில் வானூர்தியின் இரைச்சல் அடங்கும்வரை பொறுத்திருந்துதான் மறுமொழி சொல்ல வேண்டும். அந்தச் சில நொடிகள் சிலருக்கு மிகவும் பயன்படுகின்றன. சொல்ல நினைத்ததை விழுங்கிவிட்டு, சொல்லத் தக்கதை எடுத்துக்கொள்ள அவகாசம் கிடைக்கின்றது.

பம்மல், அனகாபுத்தூர், பல்லாவரம், குரோம்பேட்டை என்று நம்மைச் சுற்றியுள்ள ஊர்கள் யாவும் வந்து குடியேறியவர்களின் ஊர்களே. வேலை தேடி வந்தோர், படிக்க வந்தோர், மழை பொய்த்து நிலத்தை விட்டு வந்தோர் எனப் பலரை நாம் அறிவோம். ஆனால் வேலையை முதற்காரணமாகச் சொல்லி, உண்மையில் வேறொரு காரணத்துக்காக ஊரை விட்டு வந்தவர்களும் நம்மிடையே வாழ்கின்றனர். தன் பாலினத்தவரிடமே அன்பும் ஈர்ப்பும் கொண்டவர்கள், பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினத்தோடு ஒன்ற இயலாதவர்கள், சொந்த ஊரில் இனி மூச்சுவிட முடியாது என்று உணர்ந்து பேருந்து ஏறியவர்கள். பால்புதுமையர் என்னும் சொல் இவர்களைக் குறிக்க இப்போது தமிழில் வழங்குகின்றது. சொல் புதிது. பேருந்து ஏறுவது புதிதன்று.

அவர்களுள் ஒருவர் சில மாதங்களுக்கு முன் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். ஒப்புரவு அருட்சாதனத்தில் அன்று. பங்கு இல்லத்துத் திண்ணையில். அவருடைய ஒப்புதலோடும், ஊரையும் தொழிலையும் மறைத்தும் அதை இங்கே எழுதுகின்றோம். அவரும் அவருடைய நண்பரும் மாடி வீடு ஒன்றில் ஐந்தாண்டுகளாக வாழ்கின்றனர். வீட்டுக்காரருக்கு அவர்கள் பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும். ஞாயிறு திருப்பலிக்கு இருவரும் வருவர். ஒரே வரிசையில் அமர்வதில்லை. மழைக்காலத்தில் நண்பருக்கு டெங்குக் காய்ச்சல் கண்டது. இரத்தத் தட்டணுக்கள் குறைந்து நினைவு தடுமாறிய நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது, படிவத்தை நீட்டியவர், "பேஷண்ட்டுக்கு நீங்க என்ன வேணும்?" என்று கேட்டிருக்கின்றார். "அண்ணன்." "இனிஷியல் வேற வேறயா இருக்கே?" "பெரியப்பா பையன்." "அப்போ அப்பா அம்மாவை வரச் சொல்லுங்க." அந்த அப்பா அம்மாவோ மகனுடன் பேசியே ஆண்டுகள் பல ஆகின்றன.

நண்பர் பிழைத்து எழுந்தார். ஆனால் இவருக்கு மனம் ஆறவில்லை. "ஃபாதர், பொய்க்கு மேல பொய் சொல்லிக்கிட்டே இருக்கேன். இதுல எதையெல்லாம் பாவசங்கீர்த்தனத்துல சொல்லணும்?" என்றார்.

நல்ல கேள்வி. அறநெறி இறையியலில் மிகப் பழைய கேள்வியும் கூட. பொய்யைப் பற்றித் திருச்சபைத் தந்தையருள் யாரும் புனித அகுஸ்தினாரைப்போல் கண்டிப்பாக எழுதியதில்லை. எவ்வளவு நன்மை விளைவதாயினும், ஓர் உயிரையே காப்பதாயினும், பொய் பொய்தான் என்பது அவர் முடிவு. மெய்யியலார் இம்மானுவேல் காந்து 1797-இல் எழுதிய சிறு கட்டுரையில் இதனினும் ஒரு படி மேலே செல்கின்றார். கொலைகாரன் உன் வாசலில் நின்று, அவனுக்குத் தப்பியோடிய உன் நண்பன் உள்ளே இருக்கின்றானா என்று கேட்டாலும், பொய் சொல்ல உனக்கு உரிமையில்லை என்பது அவர் வாதம். கொலைகாரனுக்கு அப்படி வினவ என்ன உரிமை என்பதைக் காந்து போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்பது நம் கருத்து.

ஆனால் அகுஸ்தினார் எண்ணிப் பார்த்தார். பொய்யைக் கண்டிக்கும் அதே நூலில், தம் சொந்த ஊராகிய தகஸ்தேயில் முன்பு ஆயராயிருந்த பீர்முஸ் என்பவரின் வரலாற்றை அவர் சொல்கின்றார். தன்னிடம் அடைக்கலம் புகுந்த ஒருவனை அந்த ஆயர் மறைத்து வைத்திருந்தார். பேரரசனின் ஆட்கள் வந்து கேட்டனர். அவனைப் பற்றிப் பொய்யும் சொல்ல மாட்டேன், அவனைக் காட்டியும் கொடுக்க மாட்டேன் என்றார் ஆயர். வதைத்தார்கள், வாய் திறக்கவில்லை. பேரரசன் முன் நிறுத்தப்பட்டபோது, அவருடைய உறுதியைக் கண்டு வியந்த அவன், ஒளிந்திருந்தவனையே மன்னித்து விட்டான் என்பது வரலாறு. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. வதைபட்டவர் அடைக்கலம் கொடுத்தவரே தவிர, அடைக்கலம் கேட்டவர் அல்லர். வாய்மையின் சுமையை ஆயர் தம் முதுகில் ஏற்றிக்கொண்டார். நம் ஊர்களில் அச்சுமை முழுவதும், வீடு கேட்டு வந்து நிற்பவரின் முதுகில் ஏற்றப்படுகின்றது.

1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, எட்டாம் கட்டளையை விளக்கும் இடத்தில், உண்மையைத் தெரிந்துகொள்ளும் உரிமை எல்லாருக்கும் எல்லா வேளையிலும் உண்டு என்று சொல்லவில்லை. உரிமையில்லாதவரிடம் உண்மையை வெளிப்படுத்தும் கடமை எவருக்கும் இல்லை என்பதே அதன் போதனை. பிறருடைய தனி வாழ்வுக்குரிய மதிப்பு, மௌனத்துக்கோ அடக்கமான பேச்சுக்கோ போதிய காரணம் ஆகும் என்றும் அது கருதுகின்றது. மௌனம் அனுமதிக்கப்படுகின்றது; பொய் அனுமதிக்கப்படவில்லை. ஆனால் பல்லாவரத்துக்கு அப்பால் மாடி வீட்டுக்கு முன்பணம் கொடுக்க நிற்பவர், "இதற்கு நான் மறுமொழி சொல்ல மாட்டேன்" என்று மௌனம் காத்தால் வீடு கிடைக்குமா? மௌனத்துக்கு இடமில்லாத கேள்வி, கேட்கப்பட்டவரை இரண்டில் ஒன்றுக்குத் தள்ளுகின்றது: பொய், அல்லது தெரு. அந்தப் பொய்யில் கேட்டவருக்குப் பங்கில்லை என்று எந்த அறநெறி ஆசிரியர் சொல்வார்?

திண்ணையில் கேட்டவர் தனியொருவர் அல்லர். இவர்களுள் நெடுந்தொலைவு சென்றோரின் வாழ்வைத் தமிழில் அவர்களே எழுதியிருக்கின்றனர். நாமக்கல் பகுதிச் சிற்றூரில் பிறந்த ரேவதி, டெல்லி, மும்பை, பெங்களூரு என ஊர் ஊராகச் சென்றவர். திருச்சியில் பிறந்து, மொழியியலில் முதுகலை பயின்ற லிவிங் ஸ்மைல் வித்யா, புனே நகரத்து ரயில்களில் கையேந்தியதைத் தம் தன்வரலாற்றில் மறைக்காமல் எழுதினார். 2007-இல் 'நான் வித்யா' என்னும் பெயரில் அது வந்தது. படித்த பெண்ணொருத்தி தன் ஊரில் வேலை கேட்க முடியாமல், அந்நிய ஊரில் பிச்சை கேட்க முடிந்தது என்பதே அந்நூலைப் படிப்பவரை உறங்க விடாத செய்தி. அவ்வாறு சென்ற திருநங்கையர் அங்கே தனியராய் நின்றுவிடவில்லை. மூத்தவரைத் தாயாகவும், தாயின் தாயைப் பாட்டியாகவும் ஏற்று, மகள் முறை கொண்டு ஒரு குடும்பத்தை ஏற்படுத்திக்கொண்டனர். அக்குடும்பத்திலும் அதிகாரமும் அடிமைத்தனமும் உண்டு என்பதை அவர்களே எழுதியுள்ளனர். ஆயினும் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தர அங்கே ஓர் ஆள் உண்டு. உறவை இழந்தவர்கள் முதலில் தேடியது உறவின் பெயர்களையே என்பது எண்ணத்தக்கது. மருத்துவமனையில் "அண்ணன்" என்று சொன்னவரும் அதையேதான் செய்தார்.

கடல் கடந்து அடைக்கலம் தேடியோரின் நிலை இன்னும் விந்தையானது. நம் வீட்டுக்காரர், வந்தவர் 'அப்படிப்பட்டவர்' அல்லர் என்பதற்குச் சான்று கேட்கின்றார். மேலைநாட்டு அடைக்கல அலுவலரோ, வந்தவர் 'அப்படிப்பட்டவரே' என்பதற்குச் சான்று கேட்கின்றார். இலங்கையை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலேயர் 1883-இல் இயற்றிய தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365அ பிரிவுகள் இத்தகையோரைக் குற்றவாளிகளாக்கின. 1995-இல் செய்யப்பட்ட திருத்தம், ஆண்களை மட்டும் குறித்த பிரிவைப் பெண்களுக்கும் விரித்தது. அப்பிரிவுகளை நீக்கும் மசோதா அரசியலமைப்புக்கு முரணன்று என்று 2023 மே மாதம் இலங்கை உச்ச நீதிமன்றம் கூறிற்று. அந்நாட்டிலிருந்து ஓடிவரும் தமிழ் இளைஞன் ஒருவன் இரண்டு கதைகளைச் சுமந்து வருகின்றான். போரின் கதையைத் தன் இனத்தார் நடுவே உரக்கச் சொல்லலாம். மற்றதைச் சொன்னால், அடைக்கலம் தேடிய நாட்டில் தனக்குத் துணையான தமிழ்ச் சமூகத்தையே இழக்க நேரலாம். பக்கத்தில் அமர்ந்து மொழிபெயர்ப்பவரும் தமிழர் அன்றோ? கொழும்பில் வளர்ந்து, 1983 கலவரத்துக்குப் பின் கனடா சென்ற சியாம் செல்வதுரை, 1994-இல் தம் முதல் நாவலில் இவ்விரு கதைகளையும் ஒரே சிறுவனின் வாழ்வில் பின்னினார். ஆங்கிலத்தில்தான் எழுதினார்.

ஐரோப்பிய அலுவலகங்களில் என்ன கேட்கப்பட்டது என்பதை ஆராய்ந்தோர் உண்டு. ஆம்ஸ்டர்டாமின் சுதந்திரப் பல்கலைக்கழகத்திலிருந்து 2011-இல் ஓர் ஆய்வு வந்தது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு 2016 முதல் 2020 வரை மற்றோர் ஆய்வு நடந்தது. இத்தகைய ஆய்வுகளும் வழக்குகளும் வெளிக்கொணர்ந்தவற்றை இத்திங்களிதழில் விரித்தெழுத நம் கை கூசுகின்றது. படுக்கையறையை விவரிக்கச் சொன்ன கேள்விகள் உண்டு. நெதர்லாந்தில் அடைக்கலம் கேட்ட ஒருவர் தம் அந்தரங்கத்தையே படமெடுத்துச் சான்றாகக் கொடுத்திருந்தார். உடற்சோதனைக்கு உட்படவும் ஒருவர் முன்வந்தார். அவ்வளவு தூரம் அவர்களைத் தள்ளியது எது? 2014 டிசம்பர் 2 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், இத்தகைய வினாக்களையும் சோதனைகளையும் படங்களையும் ஏற்கலாகாது என்று தீர்ப்பளித்தது. முதல் விசாரணையிலேயே சொல்லவில்லை என்ற ஒரே காரணத்தால் ஒருவரை நம்பத்தகாதவர் என்று முடிவுகட்டக் கூடாது என்றும் அது சொன்னது. மௌனம் பொய்யன்று என்பதை ஒரு நீதிமன்றம் எழுத்தில் வைத்த இடம் இது. 2018-இல் ஹங்கேரி வழக்கொன்றில், மனவியல் சோதனைகளைக் கொண்டு இதைக் கண்டறிய முயல்வதையும் அதே நீதிமன்றம் தடுத்தது.

இதற்கு முன்பே, 2010-இல், ஐக்கிய முடியரசின் உச்ச நீதிமன்றம் இன்னொரு முடிச்சை அவிழ்த்திருந்தது. ஈரானியர் ஒருவரும் கேமரூன் நாட்டவர் ஒருவரும் அடைக்கலம் கேட்டனர். ஊருக்குத் திரும்பி, வெளியே தெரியாமல் அடக்கமாக வாழ்ந்துகொள்ளலாமே என்பது அவர்களுக்கு அதுவரை கிடைத்த விடை. அச்சத்தால் வாழ்நாள் முழுதும் ஒளித்து வாழ்வதும் துன்புறுத்தலின் விளைவே என்று கண்டு, அந்த விடையை நீதிபதிகள் தள்ளினர். "இருந்துட்டுப் போ, வெளிய சொல்லாதே" என்று நம் வீடுகளில் சொல்லப்படுவதும் ஏறத்தாழ அந்த விடைதான். நல்லெண்ணத்தோடுதான் சொல்லப்படுகின்றது. கேட்பவருக்கோ, தாம் இருக்க வேண்டும், தம் வாழ்வு இருக்கக் கூடாது என்று ஒலிக்கின்றது.

ஆய்வாளரைப் பற்றியும் ஒரு சொல். தாம்பரம் சானடோரியத்தை அறியாத வாசகர் நம் பகுதியில் இல்லை. 1928-இல் காசநோய்க்கென எழுந்த அந்த மருத்துவமனை, 1990-களில் எச்.ஐ.வி. நோயாளிகளின் பெரும் புகலிடமாயிற்று. இந்தியாவில் அக்கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டதும் 1986-இல் சென்னையில் எடுக்கப்பட்ட இரத்த மாதிரிகளில்தான். அக்கிருமியின் பின்னே கணக்கெடுப்பாளர்கள் வந்தனர். நம் நாட்டில் இத்தகைய மக்களின் வாழ்வைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பங்கு அந்த வாசல் வழியே நுழைந்தது. அதனால் உயிர்கள் காக்கப்பட்டன. அதை மறுப்பது நன்றி கொன்றதாகும். ஆனால் எத்தனை பேருடன், எத்தனை முறை என்று கேட்டுக் குறித்துக்கொண்ட தாள்களில், ஏன் ஊரை விட்டு வந்தாய், யாரை நினைத்து அழுகின்றாய் என்பதற்குக் கட்டம் இருக்கவில்லை. மனிதர் ஒருவர் 'ஆபத்துக்குரிய பிரிவு' என்று பெயர் பெற்றார்.

வேறு வகையாகவும் கேட்கலாம் என்பதற்கு ரேவதியே சான்று. தம் தன்வரலாற்றை எழுதுமுன், தமிழகத்துத் திருநங்கையரைத் தேடிச் சென்று அவர்கள் சொன்னவற்றைத் தொகுத்து, 2005-இல் 'உணர்வும் உருவமும்' என்னும் நூலாக்கினார். கேட்டவரும் அதே வழியை நடந்தவர் என்பதால், சொன்னவர்களுக்கு நிரூபிக்க வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை. அதுவே அந்நூலின் வலிமை. எல்லா ஆய்வாளரும் அவ்வழியை நடந்திருக்க வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. கல்லூரி மாணவர் சிலர் அவ்வப்போது பங்கு இல்லத்துக்கு வந்து, ஆய்வேட்டுக்காக "அந்த மாதிரி யாராவது இருந்தா அறிமுகப்படுத்துங்க ஃபாதர்" என்று கேட்பதுண்டு. அவர்களிடம் நாம் திருப்பிக் கேட்பது ஒன்றே: ஆய்வேடு முடிந்த பிறகு அவரை மறுபடி வந்து பார்ப்பீர்களா? பலர் அதை எண்ணியிருப்பதில்லை. ஒருத்தி மட்டும், "அவங்க வரச் சொன்னா வருவேன்" என்றாள். சரியான விடை.

கேள்வியின் திசையையே மாற்றிய ஒரு மனிதரை நம் உயர் நீதிமன்றத்தில் கண்டோம். மதுரையைச் சேர்ந்த இரு இளம்பெண்கள், ஒருவரையொருவர் விரும்பியதைப் பெற்றோர் எதிர்த்ததால், வீட்டை விட்டுச் சென்னைக்கு வந்தனர். தொண்டு நிறுவனத்தினர் இடமளித்தனர். பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுக்க, காவலர் விசாரணை தொடங்கிற்று. பாதுகாப்புக் கேட்டு இருவரும் நீதிமன்றம் வந்தனர். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அவர்களைக் குடையவில்லை. இப்பொருளில் தமக்குப் போதிய தெளிவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, மனவியலார் ஒருவரிடம் தாமே அமர்ந்து பாடம் கேட்ட பின்னரே 2021 ஜூன் 7 அன்று ஆணை எழுதினார். வயது வந்தோர் தம் விருப்பத்தோடு வாழ்வதாகத் தெரிந்தால், காணாமற்போனோர் புகாரைக் காவலர் முடித்துவிட வேண்டும், துன்புறுத்தக் கூடாது என்றும், இவர்களை 'மாற்றுவதாக'ச் சொல்லும் சிகிச்சைகள் கூடாது என்றும் அதில் வகுத்தார். இவர்களைக் குறிக்கும் மதிப்பான சொற்களின் பட்டியலை 2022-இல் தமிழக அரசு வெளியிட்டதும் அந்த வழக்கின் தொடர்ச்சியே. பின்னர் 2025 மே மாதம், வேலூர்ப் பகுதி வழக்கொன்றில், நீதிபதிகள் ஜி. ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் ஆகியோர், பெற்றோர் வீட்டில் தடுத்து வைக்கப்பட்டிருந்த 25 வயதுப் பெண்ணை அவர் விரும்பிய தோழியுடன் செல்ல விட்டனர். குடும்பம் அமையத் திருமணம் ஒன்றே வழியன்று என்றும், தேர்ந்துகொண்ட குடும்பம் என்பதும் சட்டம் அறிந்ததே என்றும் அத்தீர்ப்பு கூறுகின்றது.

வாசகருள் சிலர் இவ்விடத்தில் புருவம் உயர்த்துவர். திருமணத்தையும் கற்பையும் குறித்துத் திருச்சபை போதிப்பதை அருள்பணியாளர் மறந்துவிட்டாரோ என்பர். மறக்கவில்லை. அப்போதனையை மாற்றி எழுதும் அதிகாரம் நமக்கு இல்லை. அதற்காகவும் இதை எழுதவில்லை. ஆனால் அதே மறைக்கல்வி, இவர்களை மதிப்போடும் பரிவோடும் ஏற்க வேண்டும், முறையற்ற வேற்றுமை காட்டலாகாது என்கின்றது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், இவ்வாறு இருப்பது குற்றமன்று என்று 2023-இல் நேர்காணல் ஒன்றில் தெளிவாகச் சொன்னார். மேலும், ஒருவரின் உள்ளத்தை அறிய வேண்டும் என்ற ஆவலுக்குத் திருச்சபை தன் சட்டத்திலேயே வேலி இட்டிருக்கின்றது. குருமடத்தில் பயின்ற எவரும் இதை அறிவர். ஆன்ம வழிகாட்டியிடம் மாணவன் திறந்து வைத்ததை அதிபர் கேட்டறிய முடியாது. திருப்பட்டத்துக்கு ஏற்பதா விலக்குவதா என்று முடிவு செய்யும்போதும் வழிகாட்டியின் கருத்தைக் கேட்கலாகாது. துறவியரின் தலைவர், தம் கீழுள்ளவரை எவ்வகையிலேனும் மனச்சான்றைத் திறந்துகாட்டத் தூண்டுவதை 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 630-ஆம் எண் தடை செய்கின்றது. ஒவ்வொருவரும் தம் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ளும் உரிமையை 220-ஆம் எண் பொதுநிலையினருக்கும் உறுதி செய்கின்றது. கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு கொடுத்தவரிடமே கேட்கக் கூடாததை, மாத வாடகை கொடுப்பவரிடம் கேட்கலாமா?

வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. கணவரை இழந்து, ஓய்வூதியமும் இல்லாமல், மாடி வாடகையில் மருந்து வாங்கும் மூதாட்டியர் நம் தெருக்களில் எத்தனை பேர்! வாடகை ஒழுங்காக வருமா, குடித்துவிட்டுக் கூச்சலிடுவார்களா என்ற அச்சம் அவர்களுக்கு இருக்கத்தான் செய்யும். பதினோரு மாத ஒப்பந்தத்துக்கு வேண்டியதை, அடையாள அட்டையை, வேலை செய்யும் இடத்தை, தங்குவோர் எத்தனை பேர் என்பதைக் கேட்பது அவர்கள் உரிமை. எதிர்வீட்டார் கேட்டால் என்ன சொல்வது என்ற அச்சம் மட்டுமே சிலரை அதற்கு மேல் கேட்க வைக்கின்றது. பீர்முஸ் ஆயர் அளவுக்கு வதைபட வேண்டிய தேவை இங்கே இல்லை. "நல்ல பிள்ளைங்க, வாடகை சரியா குடுக்குறாங்க" என்பது எதிர்வீட்டாருக்குப் போதிய விடை. உண்மையான விடையும் கூட.

திண்ணையில் கேட்டவருக்கு நாம் சொன்ன மறுமொழி சுருக்கமானது. மருத்துவமனையில் கேட்டவருக்கு, சிகிச்சைக்கு யார் பொறுப்பு என்று அறிய உரிமை இருந்தது; அதற்கு நீங்கள் உண்மையாகவே பொறுப்பேற்றீர்கள். உறவின் பெயரைப் பற்றிய உங்கள் சொல் உண்மையன்று; அதை ஒப்புரவில் சொல்வதும் விடுவதும் உங்கள் மனச்சான்றுக்கு உரியது. ஆனால் அதில் முழுப் பழியையும் நீங்களே சுமக்க வேண்டியதில்லை. அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, நண்பருடைய தாயாருக்கு ஒரு கடிதம் எழுதித் தருமாறு கேட்டார். எழுதித் தந்தோம். விடை இன்னும் வரவில்லை.

இவ்வாண்டு வீடு மந்திரிப்பின்போது அந்த மாடிக்கும் ஏறினோம். உடன் வந்த அன்பியப் பொறுப்பாளர் பங்குக் குடும்ப அட்டைகளை எடுத்து, இருவருக்கும் தனித்தனி அட்டையா, ஒரே அட்டையா என்று வினவினார். பதிவேடு வீட்டுக்கானதுதானே, ஒன்று போதும் என்றோம். பெயர்களை எழுதினார். 'குடும்பத் தலைவருக்கு உறவுமுறை' என்னும் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. நம் முகத்தைப் பார்த்தார். அதை வெறுமையாக விடச் சொல்லிவிட்டு, தீர்த்தம் தெளித்து, அடுத்த வீட்டுக்கு இறங்கினோம்.